வில்டா கோகர் வாங்கிய பம்ப் துப்பாக்கி

வில்டா கோகர் தன் ஐம்பத்தேழாவது வயதில் முதன்முதலாக ஒரு துப்பாக்கி வாங்கப் புறப்பட்டாள். கையில் நூற்றெண்பது டாலர் இருந்தது. மான் பருவம் தொடங்க ஐந்து நாள் இருந்தது. வீட்டு உறைபெட்டியில் இரண்டு பை மக்காச்சோளமும் ஒரு பை ஐஸ் கட்டியும் மட்டும் கிடந்தன.

மான் வேட்டை எங்களுக்கு விளையாட்டு என்று நகரத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். விளையாட்டாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒஹையோவின் தென்கிழக்கு மூலையில் சுரங்கங்கள் மூடிய பிறகு, ஒரு மான் என்பது நாற்பது ஐம்பது ராத்தல் இறைச்சி. இரண்டு மான் விழுந்தால் இரண்டு பேர் இருக்கும் வீடு ஏப்ரல் வரை இறைச்சிக் கடைப் பக்கம் போக வேண்டாம். வில்டா முதியோர் இல்லத்தில் சலவை வேலை பார்த்தாள். அவள் கணவன் ஹோபர்ட்டின் நுரையீரலில் பத்தொன்பது வருடத்து நிலக்கரித் தூசி இருந்தது. அது சுரங்கத்தால் வந்ததல்ல, சிகரெட்டால் வந்தது என்று கம்பெனி அனுப்பிய மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஹோபர்ட் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அதை அவன் சொன்னபோது, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்திருப்பார்கள் என்று அந்த மருத்துவரே பதிலும் சொன்னார்.

அதுவரை அந்த வீட்டுக்கு மான் கொண்டுவந்தவன் வில்டாவின் தம்பி டாலஸ். அந்த ஆண்டு, 2009 ஜூலையில், அவன் வட கரோலினாவில் ஒரு டயர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்று துப்பாக்கிகளும் அவனோடு போயின.

ஹோபர்ட்டுக்குத் துப்பாக்கி வாங்கவோ தொடவோ உரிமை இல்லை. இருபது வருடத்துக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தில் அவன் மதிய உணவு டப்பாவில் பதினோரு ஜாக்ராக் இருந்தன. இரண்டு ஆணிகளை வளைத்து, எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே நிற்கும்படி பற்றவைத்தது ஜாக்ராக். கம்பெனி வெளியூரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த லாரிகளின் டயருக்கு என்று செய்தவை. ஒரு டயரும் வெடிக்கவில்லை, டப்பாவைத் திறந்த போலீஸ்காரரின் விரலில் மட்டும் கொஞ்சம் குத்தியது. நீதிபதி பதினெட்டு மாதம் போட்டார், பெருங்குற்றம் என்று பதிவாயிற்று. பெருங்குற்றவாளி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அதே சுரங்கத்தில் அதே வருடம் கூரை இறங்கி இரண்டு பேர் செத்தார்கள். தாங்குமரம் போடாமல் உள்ளே அனுப்பிய மேற்பார்வையாளரின் பெயரில் எதுவும் பதிவாகவில்லை. கம்பெனி அபராதம் கட்டியது. அந்த மேற்பார்வையாளர் இன்றும் நவம்பர் மாதத்தில் ஐந்து துப்பாக்கியோடு இந்த மலையில்தான் வேட்டையாடுகிறார். உரிமையைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. வக்கீல் அதற்கு ஆயிரத்தைந்நூறு டாலர் கேட்டார்.

ஆகவே வில்டா தானே சுடுவதென்று முடிவு செய்தாள். உரிமம் வேண்டுமானால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு நடுவில் குட்டி நாற்காலியில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினாள். நான் அவர்களுக்கு அடுத்த வீடு. மேட்டில் எனக்குப் பன்னிரண்டு ஏக்கர் காடு இருக்கிறது. அங்கே வேட்டையாட அவளுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தேன். அந்தச் சீட்டையும் மதிப்பெண் அட்டையையும் அவள் ஒரே உறையில் வைத்திருந்தாள்.

எங்கள் மாநிலத்தில் அப்போது மானை ரைஃபிளால் சுடக் கூடாது, ஷாட்கன்தான். குறைந்த விலைக்கு நம்பி வாங்கக்கூடிய ஷாட்கன் என்றால் பழைய பம்ப் துப்பாக்கி. முன்பிடியைப் பின்னால் இழுத்தால் வெடித்த கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போய்த் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். மழையிலும் சேற்றிலும் ஓடும். ஆனால் பழையதில் எது நல்லது எது கெட்டது என்று தெரிய வேண்டும். ஹோபர்ட்டுக்குத் தெரியும், ஆனால் தொடக்கூடாது. வில்டா தொடலாம், அவளுக்குத் தெரியாது.

சமையலறையில் வைத்துப் பாடம் நடந்தது, மொத்தம் எட்டுச் சோதனை. விளக்குமாற்றுக் கம்பில், காகிதத் துண்டு தீர்ந்துபோன அட்டைக்குழலை மாட்டி, அதை முன்பிடி என்று வைத்துக்கொண்டார்கள்.

"முதல்ல என்ன பாக்கணும்?" என்றான் ஹோபர்ட். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் மூச்சு வாங்கினான்.

"உள்ள தோட்டா இருக்கான்னு."

"அப்புறம்?"

"குழாய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாக்கணும். உள்ள கருப்பா ஒரு வளையம் தெரிஞ்சா வீங்கியிருக்கு. வேணாம்."

"திருகாணி?"

"தலை சிதைஞ்சிருந்தா எவனோ தெரியாதவன் கழட்டிப் பாத்திருக்கான். வேணாம்."

"முன்பிடி லொடலொடன்னு ஆடுது."

"ஆடட்டும். பழசு எல்லாம் ஆடும்."

"பூட்டின பிறகு முன்பிடிய இழுத்துப் பாக்குற. அசையுது."

"அசையக்கூடாது. அசைஞ்சா மூஞ்சில வெடிக்கும்."

"மூஞ்சிலன்னு நான் சொல்லலியே."

"நான் சொல்றேன். மூஞ்சி என்னுது."

புதன்கிழமை மத்தியானம் டாரெல் பெத்டெல் கடைக்குப் போனார்கள். முன்பாதியில் தூண்டில் புழுவும் ஐஸ்கிரீமும், பின்பாதியில் துப்பாக்கி. விறகடுப்பைச் சுற்றி எப்போதும் மூன்று கிழவர்கள் இருப்பார்கள். அன்றைக்கு அதில் ஒருவர் வெர்ல் பீட்டி, ஹோபர்ட்டோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். ஹோபர்ட் வண்டியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் வெளியே உறைபனிக் குளிர், வண்டியின் ஹீட்டர் வேலை செய்யாது, குளிர்காற்று பட்டால் அவனுக்கு இருமல் நிற்காது. உள்ளே வந்தான். கையை ஜாக்கெட் பையிலிருந்து எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

வில்டா அடுக்கைப் பார்த்து, பன்னிரண்டு கேஜ் குழாய் உள்ள ஒன்றைக் காட்டினாள். பெத்டெல் அதை எடுத்து, முன்பிடியை இழுத்துக் காலி என்று காட்டி, அவள் தலைக்கு மேலே ஹோபர்ட்டிடம் நீட்டினார்.

"பிடிங்க."

ஹோபர்ட் கையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

"அவ பாத்துக்குவா," என்றான்.

"யாரு?"

"நான்தான்," என்றாள் வில்டா. "எனக்குத்தான் வாங்குறேன்."

வெர்ல் அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளிக்கொண்டே, "ஹோபர்ட்ட சுடவா? அதுக்கு எதுக்கு வில்டா இவ்வளவு செலவு, கத்தி போதாதா?" என்றார்.

"கத்தின்னா ரத்தக்கறைய நான்தான துவைக்கணும். நாள் முழுக்க அதத்தான் பண்றேன்."

அடுப்பைச் சுற்றிச் சிரிப்பு. பெத்டெல் சிரிக்கவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்தார், அவள் கையில் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள். குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள், வளையம் இல்லை. திருகாணிகள் ஒழுங்காக இருந்தன. பூட்டி இழுத்தாள், அசையவில்லை. சுடவிடாமல் தடுக்கும் சேஃப்டியை மாட்டி விசையை அழுத்தினாள், சத்தம் வரவில்லை. கட்டையில், இரும்பு சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது.

"இது விரிசல் விட்டிருக்கு."

"அது கீறல்மா."

"கீறல்னா நகத்துல மாட்டாது. இது மாட்டுது." நகத்தை வைத்துக் காட்டினாள்.

பெத்டெல் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். நூற்றறுபத்தைந்து சொன்ன விலை நூற்றைம்பதுக்கு இறங்கியது. வெர்ல் மெதுவாக விசில் அடித்தார். ஹோபர்ட்டின் முகம் மலர்ந்திருந்தது என்று வில்டா பிறகு என்னிடம் சொன்னாள். கல்யாணத்தன்று கூட அவன் அப்படி நிற்கவில்லையாம்.

பிறகு படிவம். அதன் முதல் கேள்வி, இந்தத் துப்பாக்கியை உண்மையாக வாங்குகிறவர் நீங்கள்தானா என்பது. அடுத்தவருக்காக வாங்கினால் அதுவே குற்றம் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வில்டா 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அத இப்படிக் குடுங்க, நம்பர எழுதிக்கிறேன்," என்றார் பெத்டெல்.

அவள் துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். கடைசியாகப் பூட்டிப் பார்த்ததைத் திறக்காமலே நீட்டினாள். எங்கள் பக்கத்தில் பூட்டிய துப்பாக்கியை யாரும் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. திறந்து, காலி என்று இருவரும் பார்த்த பிறகுதான் கைமாறும். இதற்கு யாரும் யோசிப்பதில்லை, நடக்கும்போது காலை மாற்றி வைப்பதற்கு யோசிப்பதில்லை அல்லவா, அப்படி. வகுப்பில் வில்டாவுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவளுக்கு அது பாடமாக வந்தது, ஹோபர்ட்டுக்கு ஆறு வயதில் வந்தது. அவன் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தியது, முன்பிடியை இழுத்தது, காலியா என்று விரல் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தது. திரும்பப் பைக்குள் போய்விட்டது. மொத்தம் ஒரு நொடி.

 பிறகு வெர்ல், முழு அன்போடு, "இருபது வருஷம் ஆச்சு, கை மறக்கல பாருடா," என்றார்.

பெத்டெல் பேனாவை மூடினார். "நீங்கதான அந்த ஆணிக்காரரு."

"அவருக்கு இல்ல," என்றாள் வில்டா. "எனக்கு. நான்தான் சுடப்போறேன். உரிமம் இருக்கு, பாருங்க. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு."

"எல்லாப் பொம்பளையும் இதத்தான் சொல்றாங்க அம்மா."

"எத்தன பேரு விரிசலக் கண்டுபிடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கச் சொல்லிக்குடுத்தது யாரு?"

 சொல்லிக்கொடுத்தது உண்மை. ஒரு பொம்பளைக்குக் கார் ஓட்டப் புருஷன் சொல்லிக்கொடுத்தால் கார் அவனுடையதாகிவிடுமா என்று அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள். பெத்டெல் படிவத்தை நான்காகக் கிழித்தார்.

"என் உரிமம் போயிடும். நான் எதையும் பாக்கல, இவங்களும் பாக்கல. கிளம்புங்க."

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் பயந்தார், பயப்படும்படிதான் சட்டம் எழுதியிருக்கிறது. பூட்டிய துப்பாக்கி திறந்து பார்க்காமல் கைமாறாதபடி தடுத்த கை குற்றவாளியின் கை என்று எழுதி வைத்திருக்கும் சட்டத்தைத்தான் கேட்கிறேன்: யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறாய்?

அந்தச் சட்டத்தின் மறுபக்கம் சனிக்கிழமை தெரிந்தது. தீவனக்கடை அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு: பழைய பம்ப், பதினாறு கேஜ், நூற்றிருபது. பதினாறு என்றால் பன்னிரண்டைவிடக் குறுகிய குழாய். விற்கிறவன் பெயர் லோய்ட் ஹாட்லி, ஏரிக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் வீடு. கடைக்காரரல்லாத ஒருவர் தன் துப்பாக்கியை விற்றால் எங்கள் மாநிலத்தில் படிவம் இல்லை, கேள்வி இல்லை. புதன்கிழமை ஒரு நொடிக்காகப் படிவத்தைக் கிழித்த அத்தனை கண்டிப்பும் சாலையில் எட்டு மைல் தள்ளி இல்லவே இல்லை. லோய்ட் ஹாட்லி அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இந்த முறை ஹோபர்ட் போகவில்லை. அவள் தனியாகப் போய் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது. திருகாணி சுத்தம். பூட்டு உறுதி. லோய்ட் இரண்டு தோட்டா கொடுத்தான், உள்ளே போட்டு முன்பிடியை இழுத்துத் தள்ளினாள், இரண்டும் சறுக்கிக்கொண்டு வெளியே விழுந்தன.

"என் மாமனாரோடது," என்றான் அவன். "அணில் சுடுவாரு. வீட்ட விட்டு அதிகமா வெளிய போனதில்ல."

"ஏதாச்சும் கோளாறு இருக்கா?"

"பாத்துட்டீங்களே."

நூற்றுப்பதினைந்துக்கு வாங்கினாள். தீவனக்கடையில் பதினாறு கேஜில் மானுக்கான ஒற்றைக்குண்டு தோட்டா ஒரே ஒரு பெட்டிதான் தூசி படிந்து கிடந்தது, ஐந்து தோட்டா. துப்பாக்கியை ஹோபர்ட் இருக்கும் வீட்டில் வைக்கக் கூடாது என்பதால் என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி வில்டாவின் கழுத்துச் சங்கிலியில். அதுவரை அந்தச் சங்கிலியில் சிலுவை இருந்தது. இரண்டும் உரசிச் சத்தம் வருகிறது என்று சிலுவையைக் கழற்றி டிராயரில் போட்டாள். 

ஒரு தோட்டாவையாவது சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆனால் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் சுடமாட்டார்கள். மான் கலைந்துவிடும். அன்று விறகுகூட வெட்டுவதில்லை, நாயைக் கட்டிப்போடுவார்கள். அந்த ஒரு நாளில் யாராவது சுட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்த வீட்டின் பெயர் கெட்டது. வில்டா கேட்டாள், ஹோபர்ட் வேண்டாம் என்றான். எட்டு விஷயமும் சரியாக இருக்கிறதே என்றான். நானும் ஒத்துக்கொண்டேன். கடவுளையே கேள்வி கேட்கிறவன் என்று பெயர் எடுத்த நான், அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியைக் கேள்வி கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்து அரைமணியில் மேட்டிலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஹோபர்ட் அடுப்படியில் இருந்தான். கத்திகளை எடுத்து மேசையில் பரப்பிவிட்டு இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை. முதல் குண்டிலேயே விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

மேலே நடந்தது வேறு. பெண்மான் ஒன்று நாற்பது அடியில் வந்து நின்றது. வில்டா சுட்டாள். குண்டு தோளுக்குப் பின்னால் பட்டது, மான் மடங்கி எழுந்தது. அவள் முன்பிடியை இழுத்தாள், பாதியில் நின்றது. வெடித்த கூடு வெளியே வரும் வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பிடுங்கினாள், வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. மான் மெதுவாக, மிக மெதுவாக அவள் கண்முன்னே நடந்து போயிற்று.

அது அந்தத் துப்பாக்கியின் பிறவிக்குறை. மிகப் பழைய பதினாறு கேஜ் துப்பாக்கிகளை, இன்றைய தோட்டாவைவிடச் சிறிய தோட்டாவுக்குச் செய்தார்கள். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருக்கும், அதனால் உள்ளே போகும், வெளியே வரும், எல்லாம் சரியாக இருக்கும். சுட்டதும் மடிப்பு விரிந்து கூடு நீண்டுவிடும். நீண்ட கூடு வாசலில் அடங்காது. லோய்ட்டின் மாமனார் ஒவ்வொரு அணிலுக்கும் ஒரு தோட்டா சுட்டு, பேனாக்கத்தியால் கூட்டை நோண்டி எடுத்திருக்கிறார். ஹோபர்ட்டின் குடும்பத்தில் யாரும் பன்னிரண்டு கேஜைத் தவிர வேறு வைத்திருந்ததில்லை. அவன் சொல்லிக்கொடுத்த எட்டில் இது இல்லை. கையில் வாங்கித் தோட்டா உட்காரும் அறையை அளந்திருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவன் கண்ணால் மட்டும்தான் பார்த்தான், அதுவும் என் வீட்டு அலமாரிக்கு ஆறடி தள்ளி நின்று.

அவள் இறங்கி வந்து சொன்னதும் ஹோபர்ட் கோட்டை மாட்டினான். அடிபட்ட மிருகத்தைத் தேடாமல் விடுகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிப்பதில்லை. மூவரும் போனோம். பத்தடிக்கு ஒருமுறை ஹோபர்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆனால் இலைமேல் ரத்தச்சொட்டை முதலில் கண்டது ஒவ்வொரு முறையும் அவன்தான். ஒரு மணி நேரத்தில் என் நிலத்தின் எல்லைக்கு வந்துவிட்டோம். முள்வேலி. அந்தப் பக்கம் சுரங்கக் கம்பெனியின் நிலம், மலையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புல் விதைத்த வெற்றுமேடு. அத்துமீறக் கூடாது என்ற பலகை. வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது அடியில் மான் செத்துக் கிடந்தது.

"அனுமதி வேணும்," என்றேன். "ஆபீஸ் அடுத்த மாநிலத்துல, பிட்ஸ்பர்க்ல இருக்கு."

"பிட்ஸ்பர்க்ல மானு திம்பானா?" என்றாள் வில்டா.

துப்பாக்கியை வேலிக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்தாள். ஹோபர்ட் தானாகவே அதைவிட்டு இருபதடி விலகிப்போய் நின்றான். நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன், அவள் நுழைந்தாள். மானின் பின்னங்காலைப் பிடித்து பாதித் தூரம் இழுத்திருப்பாள், மேட்டின் மேலே கம்பெனிக் காவலனின் வெள்ளை வண்டி வந்தது.

இருபத்தைந்து வயதுப் பையன், மரியாதையானவன். மானைப் பார்த்தான், தரையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான், அதைத் தாண்டி ஹோபர்ட்டைப் பார்த்தான்.

"அது உங்க துப்பாக்கியா ஐயா?"

ஹோபர்ட் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. மானும் போகும், மனைவிமேல் வழக்கும் வரும் என்று புரிந்த கிழவன், ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தானே ஏற்றுக்கொள்ளத்தான் போனான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வருடச் சிறை கிடைத்திருக்கும். அந்த நுரையீரலோடு அவன் மூன்று மாதம்கூடத் தாங்கமாட்டான்.

"என்னுது," என்றாள் வில்டா, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நான் வாங்கினேன். நான் சுட்டேன். அவருக்குச் சம்பந்தமில்ல."

"நீங்களாம்மா?" பையனுக்கு நம்பிக்கை இல்லை.

"நகத்தப் பாரு."

அவன் வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரியும் முதலில் ஹோபர்ட்டிடம்தான் போனார். வில்டா மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. உரிமத்தைக் காட்டினாள், என் சீட்டைக் காட்டினாள், கழுத்துச் சாவியைக் காட்டினாள், மாட்டிக்கொண்ட கூட்டைக் காட்டி அது எப்படி மாட்டியது என்று விளக்கினாள். அதன் பிறகுதான் அவர் எழுதினார். புதன்கிழமை ஒரு கடைக்காரர் ஒத்துக்கொள்ள மறுத்ததைத் திங்கட்கிழமை மாநில அரசு எழுத்துப்பூர்வமாக ஒத்துக்கொண்டது: ஆயுதத்தின் உரிமையாளர் வில்டா ஜே. கோகர். அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வேட்டை. மான் பறிமுதல். வழக்கு முடியும்வரை துப்பாக்கி பறிமுதல்.

கீழே இறங்கும்போது ஹோபர்ட் கேட்டான், "நான் சொன்னா என்ன ஆகியிருக்கும்?"

"வாய மூடிட்டு நட. மூச்ச மிச்சம் பிடி."

வழக்கில் நூறு டாலர் அபராதமும் ஒரு வருடம் உரிமம் ரத்தும் கிடைத்தது. துப்பாக்கி திரும்பி வந்தது. லோய்ட்டிடம் எடுத்துப்போய்க் காட்டினாள். "நீங்க கோளாறு இருக்கான்னுதான கேட்டீங்க," என்றான் அவன், "கோளாறு இல்ல, அது அப்படித்தான்." பணம் திருப்பித் தரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தேவாலயத்தின் பின்கட்டில் இல்லாதவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். வில்டா அதுவரை அந்த வரிசையில் நின்றதில்லை. அவளைக் காரில் கூட்டிப்போனது நான். பீன்ஸ் டப்பா, மாவு, பால் பொடி, அதோடு வீட்டுக்கு இரண்டு ராத்தல் அரைத்த மானிறைச்சி. அந்தப் பருவத்தில் சட்டவிரோதமாகச் சுடப்பட்டுப் பிடிபட்ட மான்களையெல்லாம் வெட்டி அரைத்துத் தருமத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். வெட்டுக்கூலியைச் சுரங்கக் கம்பெனி ஏற்றிருந்தது. அதன் பெயர் அச்சிட்ட பச்சைச் சீட்டு ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டியிருந்தது.

கொடுக்கும் முன் போதகர் எல்லோரையும் தலைகுனியச் சொன்னார். பசித்தவர்களை மறவாத ஆண்டவருக்கும், நம் மாவட்டத்தை மறவாத கம்பெனிக்கும் நன்றி சொன்னார். நாற்பது பேர் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை. வில்டா என்னைப் பார்த்தாள், பிறகு பொட்டலத்தைப் பார்த்தாள். அவளும் குனியவில்லை.

"இது என்னோடதா இருக்குமா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். இருபது முப்பது மான் சேந்திருக்கும்."

மேசைக்குப் பின்னால் நின்ற பெண், "வேணுமா, வேணாமா வில்டா? பின்னால ஆள் நிக்குது," என்றாள்.

"ரெண்டு பேரு இருக்கோம்," என்றாள் வில்டா. "ரெண்டு பொட்டலம் குடு."

"வீட்டுக்கு ஒண்ணுதான்."

ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது பச்சைச் சீட்டை உரிக்கப் பார்த்தாள். உறைந்த பொட்டலத்தில் அது நன்றாக ஒட்டியிருந்தது, பாதிதான் வந்தது. மீதியோடு உள்ளே கொண்டுபோனாள். ஹோபர்ட் சட்டியை அடுப்பில் வைத்திருந்தான்.